தோட்டத்துக் கணக்கும் எல்லை தாண்டும் வரியும்

(சிரம்பானில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தோட்டத்துப் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று தம் சேமிப்பை ஒதுக்கிவைத்த ஒருவரின் பெயரால் நடக்கும் சொற்பொழிவு இது. இத்தகைய மேடைகளில் இலக்கியம் பேசுவார்கள், சமயம் பேசுவார்கள். நான் வரி பேச வந்திருக்கிறேன். அதற்குக் காரணம் இருக்கிறது.

சில ஆண்டுகளாக நம் குடும்பங்களுக்கு வங்கியிலிருந்து ஒரு படிவம் வருகிறது. சிரம்பானில் புதிதாகக் கணக்குத் தொடங்கினாலும் வருகிறது. தஞ்சாவூர்ப் பக்கம் தாத்தா பெயரில் கிடந்த நிலத்தை விற்று, அந்தப் பணத்தை அங்கேயே வங்கியில் போட்டாலும் வருகிறது. நீங்கள் எந்த நாட்டில் வரிக்கு உட்பட்டவர், அந்த நாட்டில் உங்கள் வரி எண் என்ன என்று அது கேட்கிறது. பணத்தைப் பிடித்துக்கொள்வார்களோ என்று சிலர் பயப்படுகிறார்கள். சிலர் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். கணக்காய்வுத் தொழிலில் இருக்கும் எனக்கு இரண்டுமே கவலை தருகின்றன.

அந்தப் படிவம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால், நம் தோட்டங்களின் வரலாற்றுக்குள்ளேயே போய் நிற்கிறோம். யாருடைய கணக்கை யார் பார்க்க முடிந்தது என்பதுதான் இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் கேள்வி. தொழிலாளியின் கணக்கு எந்நாளும் எல்லார் கண்ணிலும் பட்டது. முதலாளியின் கணக்கோ கடல் தாண்டியதும் மறைந்துபோனது. அந்த மறைவைக் கலைக்கவே இன்றைய சட்டங்கள் வந்திருக்கின்றன. ஆகவே நாம் அவற்றை வரவேற்க வேண்டும். அவை எளியவரையும் வலியவரையும் ஒரே கண்ணால் பார்க்கின்றனவா என்றும் உரக்கக் கேட்க வேண்டும்.

ஒரு தோட்டம், மூன்று வழிகள்

லாபு, ரந்தாவ், லின்சம், சிலியாவ், சுவா பெத்தோங், பகாவ் பக்கத்து ஜெராம் பாடாங். இந்தப் பெயர்களைச் சொன்னாலே இங்கே இருப்பவர்களில் பலருக்குப் பிறந்த வீடு நினைவுக்கு வரும். இப்படிப்பட்ட ஒரு தோட்டத்தில் விளைந்த பணம் மூன்று வழிகளில் நாட்டைவிட்டு வெளியே போனது.

முதல் வழி கூலி. பொழுது விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவார்கள். வந்தவரின் பெயருக்கு நேரே கிராணி என்னும் எழுத்தர் செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில் குறி போடுவார். எந்த நிரை, எவ்வளவு பால், எவ்வளவு கட்டிப்பால் என்று நிறுத்து எழுதுவார்கள். 1920களின் பிற்பகுதியில் முக்கியப் பகுதிகளுக்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அதில் கடைக்கடன் போகும், முன்பணம் போகும். மிஞ்சியதைச் சேர்த்து ஊருக்கு மணியார்டர் அனுப்புவார்கள். 1951இல் ஊழியர் சேமநிதிச் சட்டம் வந்த பிறகு அந்தப் பிடித்தமும் சம்பளம் கைக்கு வருமுன்பே கழிந்தது. தொழிலாளியின் வருமானத்தில் ஒரு காசுகூட எவர் கண்ணுக்கும் தப்பவில்லை.

இரண்டாம் வழி இலாபம். பெரிய தோட்டங்கள் பெரும்பாலும் இலண்டனில் பதிவான கம்பெனிகளுக்குச் சொந்தமானவை. அவற்றின் பங்குகள் ஸ்டெர்லிங்கில் விற்றன, பங்குதாரர்கள் இங்கிலாந்தில் இருந்தார்கள், ஆண்டறிக்கையும் அங்கேதான் அச்சானது. போர்ட்டிக்சன் அருகே இருக்கும் சுவா பெத்தோங் போன்ற தோட்டங்களைக் கத்ரி நிறுவனம் கவனித்துவந்தது. 1821இல் சிங்கப்பூரில் தொடங்கிய நிறுவனம் அது. தோட்டத்துத் துரைக்கே கம்பெனியின் முழுக் கணக்கும் தெரியாது. தொழிலாளிக்கு எங்கே தெரியப் போகிறது?

மூன்றாம் வழி வட்டி. சிரம்பானிலும் கோலப்பிலாவிலும் செட்டியார்களின் வட்டித் தொழில் நடந்த கிட்டங்கிகள் இருந்தன. சிறு தோட்டக்காரர்கள், சீன வணிகர்கள், மலாய் நிலவுடைமையாளர்கள் எல்லாரும் அங்கே கடன் வாங்கினார்கள். ஏஜெண்டாக வந்தவர் சில ஆண்டுகள் இருந்து தொழிலைப் பார்த்துவிட்டு ஊர் திரும்புவார். வரவும் செலவும் பேரேட்டில் ஏறும். அதன் படி காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் இருக்கும் முதலாளிக்குத் தவறாமல் போகும். எல்லை தாண்டிய நிதிக் கணக்கை இத்தனை ஒழுங்காக எழுதிய சமூகங்கள் அந்தக் காலத்தில் உலகில் மிகக் குறைவு. அந்தத் தொழிலின் அடுத்த படியாகவே 1937இல் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கினார். காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் கிளைகளோடு பிறந்த வங்கி அது. மலாயாவுக்கும் விரைவிலேயே வந்து சேர்ந்தது.

இந்த மூன்று வழிகளில் வரி எங்கே விழுந்தது? மலாயாவில் நிலையான வருமான வரிச் சட்டம் 1947இல்தான் வந்தது, 1948இல் நடைமுறையானது. அதற்கு முன்பு அரசின் வருவாய் பெரும்பாலும் ஏற்றுமதித் தீர்வை, அபின், நிலவரி போன்றவற்றிலிருந்தே வந்தது. ரப்பர் கம்பெனியின் இலாபத்துக்கு வரி வாங்கியது இலண்டன். பால் தந்த மண்ணுக்குத் தீர்வை, இலாபத்தின் மேலான வரி வெள்ளையர் தலைநகருக்கு என்பதுதான் அன்றைய ஏற்பாடு.

செட்டியாரின் வட்டி வருமானத்துக்கு இந்தியாவில் வேறு கதை. 1922ஆம் ஆண்டு இந்திய வருமான வரிச் சட்டத்தின்படி, வெளிநாட்டில் செய்த தொழிலின் இலாபம் பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்டால்தான் வரி. கொண்டுவராமல் மலாயாவிலேயே மீண்டும் கடனுக்கு விட்டால் இல்லை. 1939இல் சட்டம் திருத்தப்பட்டது. இந்தியாவில் வசிப்பவரின் உலக வருமானம் முழுவதும் வரிக்குள் வந்தது. எல்லை தாண்டிய வருமானத்துக்கு எங்கே வரி கட்டுவது என்ற கேள்வி நம் மக்களுக்கு எண்பது ஆண்டுக்கு மேல் பழகிய கேள்வி என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

வேறொரு நாட்டின் வரியை வசூலிக்க மாட்டோம்

வரி விதிப்பது ஒன்று, வசூலிப்பது வேறொன்று. பணம் எல்லை தாண்டிய பிறகு அரசின் கை எட்டுமா? இதற்கு இங்கிலாந்தின் நீதிமன்றங்கள் நெடுங்காலமாகச் சொன்ன பதில், எட்டாது என்பதுதான்.

இந்தியாவுக்கு நேர்ந்ததையே எடுத்துக்கொள்வோம். டில்லி மின்சார விநியோக, டிராம் கம்பெனி இங்கிலாந்தில் பதிவானது. 1947இல் அது தன் தொழிலை இந்திய அரசுக்கே சுமார் 82 இலட்சம் ரூபாய்க்கு விற்றது. பணம் இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தது. பிறகு கம்பெனியைக் கலைக்க முடிவு செய்தார்கள். விற்பனையில் கிடைத்த ஆதாயத்துக்கு வரி கட்ட வேண்டும் என்று இந்திய அரசு கலைப்பாளர்களிடம் கேட்டது. அவர்கள் மறுத்தார்கள். வழக்கு, அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போனது. 1955இல் தீர்ப்பு வந்தது. இந்திய அரசு எதிர் டெய்லர் என்று சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கும் வழக்கு இது. வேறொரு நாட்டின் வரியை வசூலித்துத் தருவது எங்கள் நீதிமன்றத்தின் வேலை அல்ல என்று பிரபுக்கள் சொல்லிவிட்டார்கள்.

சொத்து இந்தியாவில் இருந்தது. வாங்கியவரும் இந்திய அரசுதான். ஆதாயமும் இந்திய மண்ணில்தான் விளைந்தது. ஆனாலும் பணம் கப்பலேறிய பிறகு வரி கேட்க வழியில்லாமல் போயிற்று.

இதே 1950களில் மலாயாவில் தோட்டத் துண்டாடல் நடந்துகொண்டிருந்தது. சுதந்திரம் நெருங்குவதைக் கண்ட வெளிநாட்டு உரிமையாளர்கள் பலர் தோட்டங்களை விற்றுப் பணமாக்கினார்கள். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். லயம் என்னும் தோட்டத்து வரிசை வீடுகளில் குடியிருந்தவர்கள் வேலையையும் வீட்டையும் சேர்த்தே இழந்தார்கள். இந்தத் துண்டாடலை ஆராய்ந்த குழுவுக்குப் பொருளியல் அறிஞர் உங்கு அசீஸ் தலைமை தாங்கினார். அதன் அறிக்கை 1960களின் தொடக்கத்தில் வெளிவந்தது. ஒரு தோட்டம் கைமாறும்போது உரிமையாளர் யார், பணம் எங்கே போகிறது, அதற்கு வரி எவ்வளவு என்று கேட்கும் அதிகாரம் அந்தத் தோட்டத்தில் இரண்டு தலைமுறை உழைத்தவருக்கு இல்லை. கேட்டாலும் பதில் கிடைக்க வழியில்லை.

துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதை இந்த வெளிச்சத்தில் பாருங்கள். மாதம் பத்து வெள்ளி கட்டித் தொழிலாளி உறுப்பினரானார். உறுப்பினர் என்றால் ஆண்டுப் பொதுக் கூட்டத்தில் உட்கார்ந்து கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. செக்ரோலில் பெயராக மட்டும் இருந்தவர் ஐந்தொகையைக் கையில் வாங்கிப் பார்த்தது அப்போதுதான். நிலம் வாங்கியதைப் போலவே இதுவும் பெரிய மாற்றம் என்று நான் நினைக்கிறேன்.

மலேசிய அரசும் வேறு வழி தேடியது. 1981 செப்டம்பர் 7 அன்று இலண்டன் பங்குச் சந்தை திறந்த சில மணி நேரத்துக்குள் அரசின் முதலீட்டு நிறுவனமான பெர்மோடாலான் நேசனல் கத்ரியின் பங்குகளை வாங்கிக் கட்டுப்பாட்டைக் கைப்பற்றியது. வரியால் எட்ட முடியாததை உரிமையால் எட்டினார்கள். இன்று நீங்கள் பார்க்கும் எஸ்.டி. கத்ரி என்ற பெயர் அந்த வரலாற்றின் தொடர்ச்சி.

ஈப்போவின் ரப்பர், டில்லியின் தீர்ப்பு

நாடுகள் தனித்தனியாக நின்றால் இரண்டில் ஒன்று நடக்கும். சிலர் எங்கேயுமே வரி கட்டாமல் தப்புவார்கள். சிலர் இரண்டு இடத்திலும் கட்டி நொந்துபோவார்கள். இரண்டாவதைத் தடுக்கத்தான் இரட்டை வரி விலக்கு ஒப்பந்தங்கள் வந்தன. இந்தியாவும் மலேசியாவும் 1976இல் அப்படி ஒன்றைச் செய்துகொண்டன.

அந்த ஒப்பந்தத்தை உரசிப் பார்த்தது ஒரு ரப்பர்த் தோட்டம். தமிழ்நாட்டில் வரி கட்டிவந்த ஒரு செட்டியார் நிறுவனத்துக்கு ஈப்போவில் அசையாச் சொத்து இருந்தது. குறிப்பிட்ட ஓர் ஆண்டில் தோட்டத்திலிருந்து 88,424 ரூபாய் வருமானம். சொத்தை விற்றதில் 18,113 ரூபாய் ஆதாயம். நீங்கள் இந்தியாவில் வசிப்பவர்கள், உலக வருமானம் முழுவதற்கும் இங்கே வரி உண்டு என்றார் வருமான வரி அதிகாரி. நிலம் மலேசியாவில், தொழிலும் மலேசியாவில், ஒப்பந்தப்படி வரியும் அங்கேதான் என்றது நிறுவனம். வழக்கு படிப்படியாக ஏறி, 2004 மே 26 அன்று இந்திய உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. நிறுவனம் சொன்னதே சரி என்று தீர்ப்பு. உள்நாட்டுச் சட்டத்துக்கும் ஒப்பந்தத்துக்கும் முரண் வந்தால் ஒப்பந்தமே மேல் என்று நீதிமன்றம் சொன்னது. வசிக்கும் நாட்டின் உரிமைக்கும் வருமானம் விளைந்த நாட்டின் உரிமைக்கும் நடுவே எங்கே கோடு விழுகிறது என்று பேசும் எவரும் இந்த வழக்கைத் தாண்டிப் போக முடியாது.

இந்திய அரசு சும்மா இருக்கவில்லை. 2008 ஆகஸ்டில் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. வெளிநாட்டில் வரி விதிக்கலாம் என்று ஒப்பந்தம் சொல்லும் வருமானத்தையும் இந்தியாவில் வசிப்பவர் தம் மொத்த வருமானத்தில் சேர்த்துக் காட்ட வேண்டும், அங்கே கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம் என்றது அது. 2012 மே 9 அன்று இரு நாடுகளும் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. வங்கித் தகவல் உட்படத் தகவல்களைப் பரிமாறிக்கொள்ளவும், வரி வசூலில் ஒருவருக்கொருவர் உதவவும் அதில் இடம் உண்டு. 1955இல் பிரபுக்கள் சபை மூடிய கதவு, அரை நூற்றாண்டுக்குப் பிறகு ஒப்பந்தத்தின் வழியாகத் திறந்தது.

வங்கியே சொல்ல வேண்டும்

ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால் போதுமா? யாருடைய கணக்கு, எந்த வங்கியில் என்று தெரியாமல் தகவல் கேட்க முடியாது. தெரிந்தால்தான் கேட்கலாம், கேட்டால்தான் தெரியும். இந்தச் சுழலை உடைத்தது அமெரிக்கா.

2009 பிப்ரவரியில் சுவிட்சர்லாந்தின் யூ.பி.எஸ். வங்கி, அமெரிக்கர்கள் வரி ஏய்க்க உதவியதை ஒப்புக்கொண்டு 78 கோடி டாலர் கட்டியது. அதே ஆண்டு ஆகஸ்டில் சுமார் 4,450 கணக்குகளின் விவரங்களைத் தரவும் ஏற்பாடானது. வங்கி இரகசியத்தைத் தேசியப் பெருமையாகக் கொண்ட நாட்டில் நடந்தது இது. அடுத்த ஆண்டு, 2010 மார்ச் 18 அன்று, ஃபாட்கா சட்டம் பிறந்தது. உலகின் எந்த மூலையில் இருக்கும் வங்கியானாலும் தன்னிடம் கணக்கு வைத்திருக்கும் அமெரிக்கர்களைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அமெரிக்காவிலிருந்து அந்த வங்கிக்கு வரும் குறிப்பிட்ட வகைப் பணத்தில் 30 விழுக்காடு பிடிக்கப்படும். டாலர் இல்லாமல் எந்த வங்கியும் வாழ முடியாது. பெரும்பாலான நாடுகள் இணங்கின. இந்தியா 2015 ஜூலையில் கையெழுத்திட்டது. மலேசியா 2014இலேயே அடிப்படையில் உடன்பட்டு, 2021 ஜூலையில் முறையாகக் கையெழுத்திட்டது.

அமெரிக்கா தனக்காகச் செய்துகொண்டதை மற்ற நாடுகள் எல்லாருக்குமாகச் செய்ய முனைந்தன. 2014இல் பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பான ஓ.இ.சி.டி. பொதுத் தகவல் அளிப்பு முறையை வெளியிட்டது. சி.ஆர்.எஸ். என்று வங்கிகள் சொல்வது இதைத்தான். கேட்டால் தருவது என்பது போய், கேட்காமலே ஆண்டுதோறும் தருவது என்றானது. இந்தியா 2017 செப்டம்பரில் பரிமாற்றத்தைத் தொடங்கியது. மலேசியாவில் 2016 டிசம்பரில் விதிகள் வந்தன. 2017 ஜூலை 1 முதல் வங்கிகள் கணக்கு வைத்திருப்பவர்களிடம் விவரம் கேட்கத் தொடங்கின. 2018 செப்டம்பரில் முதல் பரிமாற்றம் நடந்தது. ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 30க்குள் மலேசிய நிதி நிறுவனங்கள் முந்தைய ஆண்டின் விவரத்தை உள்நாட்டு வருமான வரி வாரியத்திடம் தர வேண்டும். செப்டம்பர் இறுதிக்குள் அது உரிய நாடுகளுக்குப் போய்விடும். 2022இல் நடந்த பரிமாற்றத்தில் உலகெங்கும் 12 கோடிக்கு மேற்பட்ட கணக்குகளின் விவரம் கைமாறியது. அவற்றில் இருந்த தொகை ஏறத்தாழ 12 இலட்சம் கோடி யூரோ.

இந்தச் சுமை வங்கியோடு நிற்கவில்லை. காப்புறுதி நிறுவனங்கள், பரஸ்பர நிதிகள், அறநிதிக் காப்பாளர்கள், பங்குத் தரகு நிறுவனங்கள் எல்லாருக்கும் உண்டு. மலேசியாவே 1990இல் உருவாக்கிய லாபுவான் நிதி மையத்து நிறுவனங்களுக்கும் உண்டு.

படிவத்துக்குள்ளே

இப்போது அந்தப் படிவத்தை மேசையில் விரித்துவைப்போம். ஒரு குடும்பத்தையும் எண்ணிக்கொள்வோம். தாத்தா ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்தில் பால் வெட்டியவர். வெளிநாட்டவருக்கு வேலை அனுமதி கட்டாயமானதும், 1969ஐ ஒட்டிய ஆண்டுகளில் சுமார் 60,000 இந்தியத் தொழிலாளர்கள் நாடு திரும்பினார்கள். தாத்தாவின் தம்பி அப்படிப் பட்டுக்கோட்டைக்குப் போனவர். ஊரில் குடும்பச் சொத்தாக இருந்த நிலத்தை இப்போது விற்றிருக்கிறார்கள். பேத்தி சிரம்பானில் ஆசிரியை. அவருடைய பங்கு தமிழ்நாட்டு வங்கி ஒன்றில் இருக்கிறது.

முதல் கேள்வி, நீங்கள் எந்த நாட்டில் வரிக்குரிய வசிப்பிடம் கொண்டவர்? இது குடியுரிமையைப் பற்றிய கேள்வி அல்ல. குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டை வைத்திருப்பவரும் மலேசியாவில்தான் வரிக்கு உட்பட்டவராக இருக்கக்கூடும். பொதுவாக ஓராண்டில் 182 நாள் இந்நாட்டில் இருந்தால் இங்கே வசிப்பவர். ஆசிரியை மலேசியா என்று எழுத வேண்டும். பூர்வீகம் இந்தியா என்பதால் இந்தியா என்று எழுதுவது தவறு.

இதில் அமெரிக்கா மட்டும் விதிவிலக்கு. அப்பா அங்கே படித்துக்கொண்டிருந்தபோது பிறந்த குழந்தை, இரண்டு வயதில் சிரம்பானுக்கு வந்துவிட்டாலும், அமெரிக்க வரிச் சட்டத்தின் பார்வையில் அமெரிக்கர்தான். பிறந்த இடம் அமெரிக்கா என்று கடப்பிதழில் இருந்தால் வங்கி கேட்கும். அந்தப் பிள்ளை வளர்ந்து முதல் கணக்குத் தொடங்குமுன் பெற்றோர் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

அடுத்தது வரி எண். அதன் பிறகு முகவரி. பலர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். ஊரில் சித்தப்பா வீட்டு முகவரியைக் கொடுத்து, பழைய சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருப்பார்கள். வெளிநாட்டில் வசிப்பவர் அதை, இந்தியாவில் வசிக்காதவருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும். தொலைபேசி எண், இன்னொரு நாட்டுக்குப் பணம் அனுப்பச் சொல்லும் நிலையான உத்தரவு, வேறொருவர் பார்வைக்கு என்று கொடுத்த முகவரி, பொது அதிகாரப் பத்திரம் ஆகியவற்றை வங்கி அடையாளங்களாக எடுத்துக்கொண்டு தேடுகிறது. எழுதியதும் அடையாளமும் ஒத்துப்போகவில்லை என்றால் விளக்கம் கேட்கும்.

பிறகு என்ன போகிறது? பெயர், முகவரி, வரி எண், பிறந்த நாள், கணக்கு எண், ஆண்டு இறுதி இருப்பு, வட்டி. சாதாரணச் சேமிப்புக் கணக்குக்கு ஏறத்தாழ இவ்வளவுதான். தகவல் போவதால் மட்டும் வரி விழுவதில்லை. மலேசியாவில் வசிப்பவர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் வருமானத்துக்கு 2022 முதல் வரி உண்டு என்று சட்டம் மாறியது உண்மை. ஆனால் தனிநபருக்கான விலக்கு, அந்த வருமானம் விளைந்த நாட்டில் வரிக்கு உட்பட்டது என்ற நிபந்தனையோடு, 2036 இறுதி வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தப் படிவம் கடமை மட்டும் அல்ல, உரிமைக்கும் அதுவே வாசல். இந்தியாவில் வசிக்காதவரின் என்.ஆர்.ஓ. வட்டியில் வங்கி 30 விழுக்காடும் அதன்மேல் கூடுதல் தீர்வையும் பிடிக்கிறது. ஒப்பந்தப்படி மலேசியாவில் வசிப்பவருக்கு உச்ச வரம்பு 10 விழுக்காடு. உள்நாட்டு வருமான வரி வாரியத்திடம் வசிப்பிடச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்தால் அந்தச் சலுகை கிடைக்கும். எத்தனை குடும்பங்கள் இதை அறியாமல் ஆண்டுக்கணக்காக அந்தக் கூடுதல் பிடித்தத்தை இழந்துகொண்டிருக்கின்றன! தோட்டத்துக் கைகள் சம்பாதித்த நிலத்தின் பணம் அது. அறியாமையால் அது கரைவதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

எங்கே நீதி குறைகிறது

இந்தச் சட்டங்களை நான் ஆதரிக்கிறேன். அதனாலேயே அவற்றின் குறைகளையும் சொல்லும் பொறுப்பு எனக்கு இருக்கிறது.

முதல் குறை, அமெரிக்கா. எல்லா நாடுகளிடமும் தகவல் வாங்கும் அந்த நாடு பொதுத் தகவல் அளிப்பு முறையில் சேரவே இல்லை. ஃபாட்கா ஒப்பந்தங்களின்படி அது திருப்பித் தருவதும் வாங்குவதற்கு ஈடாக இல்லை. இரண்டாவது, ஏழை நாடுகள். பாதுகாப்பான கணினி அமைப்பும் பயிற்சி பெற்ற அதிகாரிகளும் இருந்தால்தான் தகவல் பெற முடியும் என்று விதி. அவை இல்லாத நாடுகளிலிருந்துதான் பணம் ஓடிப்போகிறது. அந்த நாடுகளுக்கே தகவல் வருவதில்லை.

மூன்றாவது குறை நமக்கு மிக அருகில் இருக்கிறது. கம்பெனிக்குப் பின்னால், அந்தக் கம்பெனிக்கும் பின்னால் இருக்கும் மனிதர் யார்? சாதாரணக் குடும்பத்தின் கணக்கு ஒருவர் பெயரில் நேராக இருக்கிறது. பெரும்பணம் நான்கு நாடுகளில் பதிவான நான்கு அடுக்குகளுக்குள் இருக்கிறது. மலேசியா 2024 ஏப்ரல் முதல் கம்பெனிச் சட்டத்தைத் திருத்தி, உண்மையான உரிமையாளர் யார் என்று ஒவ்வொரு கம்பெனியும் பதிவு செய்ய வேண்டும் என்றது. நல்ல சட்டம். ஆனால் அந்தப் பதிவேட்டைப் பொதுமக்கள் திறந்து பார்க்க முடியாது. நீலாயிலும் சிரம்பானிலும் செண்டாயானிலும் பால்மரமும் செம்பனையும் நின்ற நிலம் வீடமைப்புப் பகுதியாக மாறியதை நாம் கண்ணால் பார்த்தோம். கோயிலும் தமிழ்ப்பள்ளியும் இடம் கேட்டு அலையும்போது, நிலம் கடைசியாக யார் கையில் சேர்கிறது என்று அறியும் உரிமை அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கும் வேண்டும்.

நான்காவது, தண்டனையின் அளவு. இந்தியா 2015இல் கொண்டுவந்த கறுப்புப் பணச் சட்டப்படி, அங்கே வசிப்பவர் வெளிநாட்டுச் சொத்தைத் தம் வருமான வரி அறிக்கையில் காட்டாவிட்டால் 10 இலட்சம் ரூபாய் அபராதம். மலேசியாவில் முப்பது ஆண்டு உழைத்து, கடைசிக் காலத்தில் ஊரில் போய்த் தங்கியவருக்கு இங்கே வங்கிக் கணக்குகளில் மொத்தம் 5 இலட்சம் ரூபாய்க்கு மேல் இருந்தாலே அதே அபராதம் என்ற நிலை பல ஆண்டு இருந்தது. 2024 அக்டோபர் முதல், நிலம், வீடு நீங்கலாக மொத்தம் 20 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாத வெளிநாட்டுச் சொத்துகளுக்கு அந்த அபராதம் இல்லை என்று தளர்த்தினார்கள். இந்தத் தளர்வு முதலிலேயே வந்திருக்க வேண்டும். மறைத்தவரையும் மறந்தவரையும் ஒரே தட்டில் நிறுத்தும் சட்டம் மக்களின் நம்பிக்கையை இழந்துவிடும்.

செய்ய வேண்டியது

நம்மால் இப்போதே முடிகிற காரியங்கள் சில உண்டு. ஒவ்வொரு குடும்பமும் எந்த நாட்டில் எந்தக் கணக்கு, யார் பெயரில், எந்த முகவரியில் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிவைக்கட்டும். பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே இதைச் செய்யுங்கள். வங்கிப் படிவத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். புரியாவிட்டால் புரியும் வரை கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. பொய்யாக எழுதச் சொல்லும் தரகர் யாராக இருந்தாலும் அவரை நம்பாதீர்கள். அவர் தப்பிப் போய்விடுவார், கையெழுத்து உங்களுடையது.

வங்கிகளுக்கும் வாரியத்துக்கும் என் வேண்டுகோள், இந்தப் படிவத்துக்கான விளக்கம் தமிழிலும் கிடைக்க வேண்டும். தோட்டத்திலேயே வாழ்ந்து முடித்த ஒரு பாட்டிக்கு மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டும் அச்சிட்ட தன்னறிவிப்பைக் கொடுத்து, பொய் சொன்னால் தண்டனை என்று எச்சரிப்பது முறையல்ல. இந்த அறக்கட்டளைக்கும் ஒரு யோசனை சொல்வேன். கோயில் மண்டபத்திலோ பள்ளி மண்டபத்திலோ ஆண்டுக்கு ஒரு நாள், கணக்கியல் படித்த நம் பிள்ளைகள் உட்கார்ந்து மக்களின் படிவங்களைப் பார்த்துச் சரிசெய்து கொடுக்கட்டும். முதல் ஆண்டு அந்த மேசையில் உட்கார நான் வருகிறேன்.

இளைஞர்களுக்குக் கடைசியாக ஒன்று. கணக்கியலும் வரிச் சட்டமும் வறண்ட படிப்பு என்று ஒதுக்காதீர்கள். நம் சமூகம் நூறு ஆண்டு ஏமாந்ததற்கு உழைப்புக் குறைவு காரணம் அல்ல. கணக்கு அடுத்தவர் கையில் இருந்ததுதான் காரணம். இன்று நாடுகள் ஒன்றுக்கொன்று கணக்குக் காட்டத் தொடங்கியிருக்கின்றன. அந்தக் கணக்கைப் படிக்கத் தெரிந்தவர்கள் நம்மிலிருந்து வர வேண்டும். வாரியத்திலும் வங்கியிலும் பாராளுமன்றக் குழுவிலும் உட்கார்ந்து, எளியவரிடம் கேட்கும் அதே கேள்வியைப் பெரிய கம்பெனியிடமும் அவர்கள் கேட்க வேண்டும். அந்தப் பிள்ளைகளைப் படிக்கவைப்பதற்கு இந்த அறக்கட்டளையின் பணம் செலவாகட்டும் என்று நிறுவனர் குடும்பத்தாரைக் கேட்டுக்கொண்டு அமைகிறேன்.